மெடிக்கல் சான்றிதழ் கிளையின் வைபர் குழுவுக்குப் போய்விட்டது. இனி என்ன செய்யலாம்?

கோண்டாவில்காரி | திங்கள், இரவு 9.15

வணக்கம். யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கிளையில் வேலை செய்கிறேன். எந்த நிறுவனம் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

கழுத்தில் ஒரு கட்டி நெடுநாளாக இருந்தது. ஊசி குத்திப் பார்த்ததில் நிணநீர்க் கணுவில் காசநோய் என்று வந்தது. நெஞ்சு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை இரண்டிலும் ஒன்றும் இல்லை. குளுசை தொடங்கிவிட்டார்கள். தொடக்கத்தில் வயிற்றுப் பிரட்டலும் களைப்புமாக இருந்ததால் லீவு எடுத்தேன், மெடிக்கல் சான்றிதழை முகாமையாளரிடம் கொடுத்தேன். அவர் அதைப் படம் எடுத்து, தலைமை அலுவலகத்தில் லீவு பார்க்கிற பிள்ளைக்கு அனுப்பப் போய், கிளை ஊழியர் எல்லோரும் இருக்கிற வைபர் குழுவுக்கு அனுப்பிவிட்டார். சில நிமிடத்தில் அழித்தும் விட்டார். உடனே போன் எடுத்து மன்னிப்புக் கேட்டார். அவர் நல்ல மனிதர், வேண்டுமென்று செய்யவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

திரும்ப வேலைக்குப் போனேன். எங்கள் குசினியில் எல்லோருடைய கோப்பைகளையும் கழுவி ஒரே தட்டத்தில் கவிழ்த்து வைப்பது வழக்கம். என்னுடையது மட்டும் யன்னல் விளிம்பில் தனியாக இருந்தது. அடியில் சிவப்பு நெயில் பொலிஷால் ஒரு பொட்டு. யார் வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை.

என் சிக்கல் இதுதான். எனக்கு வந்திருக்கிற வகை மற்றவர்களுக்குத் தொற்றாது என்று வைத்தியர் தெளிவாகச் சொன்னார். அதை விளங்கப்படுத்தப் போனால் என் கட்டியையும் எக்ஸ்ரேயையும் சளியையும் பற்றி எல்லோருக்கும் நானே சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால் அவர்கள் நினைப்பது அப்படியே நிற்கும். அவர்களுக்குப் பாதி தெரிந்துவிட்டது என்பதற்காக மீதிப் பாதியையும் நான் கொடுக்கத்தான் வேண்டுமா? யாரையும் வேலையால் நிறுத்த வேண்டும் என்று எனக்கு எண்ணம் இல்லை. முன்னம் போல வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பழைய பிஎச்ஐ | திங்கள், இரவு 10.02

தங்கச்சி, முதலில் உங்கள் வைத்தியர் சொன்னது சரி. காசநோய்க் கிருமி காற்றால்தான் பரவுகிறது. நுரையீரலில் நோய் இருப்பவர் இருமும்போது, தும்மும்போது, பலத்துக் கதைக்கும்போது வெளியே வருகிறது. கோப்பை, பீங்கான், கரண்டி, கதிரை, உடுப்பு, கைகுலுக்கல் எதனாலும் பரவாது. நிணநீர்க் கணுவில் மட்டும் இருந்து நுரையீரல் சுத்தம் என்றால் மூச்சால் பரவவும் வழியில்லை. எக்ஸ்ரேயும் சளியும் பார்ப்பதே அதை உறுதி செய்யத்தான். நுரையீரலில் இருப்பவர்கூட ஒழுங்காகக் குளுசை எடுத்தால் ஏறக்குறைய இரண்டு கிழமையில் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும்.

முதல் 2 மாதம் நாலு மருந்து, பிறகு 4 மாதம் இரண்டு மருந்து, மொத்தம் 6 மாதம். கட்டி வற்றிவிட்டது என்று இடையில் நிற்பாட்டிவிடாதீங்கோ. அந்த மருந்துகளில் ஒன்றான றிபாம்பிசின் எடுப்பதால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், அதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். கண் பார்வையில் மாற்றம், கண் மஞ்சளாவது, சாப்பாடே பிடிக்காமல் போவது என்று ஏதும் வந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திராமல் உடனே போய்க் காட்டுங்கோ.

நான் பிஎச்ஐயாக, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்த காலத்தில் இந்த நோயாளர்களின் வீடுகளுக்கு நிறையத் தரம் போயிருக்கிறேன். சீருடையோடு மோட்டார் சைக்கிளில் போய்ப் படலையில் இறங்கினால் போதும், ஒழுங்கை முழுக்க விசாரிக்கத் தொடங்கிவிடும். அதனால் சாதாரண உடுப்போடுதான் போவேன். பக்கத்து வீட்டில் வழி கேட்பதும் இல்லை. 2020இல் கொரோனா நேரம் தனிமைப்படுத்திய வீடுகளின் கதவில் அறிவித்தல் ஒட்டினார்கள், தொற்றாளர்களின் பெயர் விபரமெல்லாம் கைபேசி கைபேசியாகச் சுற்றியது. நோய் மாறிய பிறகும் அந்த வீட்டுக்காரரிடம் சாமான் வாங்கத் தயங்கியவர்களை நான் கண்டேன். நோயைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் நோயாளி நம்பிக் கிளினிக்குக்கு வர வேண்டும். பெயர் வெளியே போகும் என்று பயந்தால் வரமாட்டார், இருமலோடு வீட்டிலேயே இருப்பார். அதுதான் உண்மையில் ஆபத்து.

மானிப்பாய் ரோட் | செவ்வாய், காலை 7.20

நான் மறுபக்கத்தில் இருந்து கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். என் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. பக்கத்து மேசையில் இருப்பவருக்குக் காசநோய் என்றால் அது எனக்குத் தெரிய வேண்டாமா? அந்தச் சகோதரிக்குத் தொற்றாத வகை, சரி. தொற்றுகிற வகையாக இருந்தால்? அப்போதும் இரகசியம் என்று சொல்லி எங்களுக்கு மறைப்பதா? நிறுவனத்துக்கு எங்கள்மேலும் பொறுப்பு இருக்கிறதுதானே.

பழைய பிஎச்ஐ | செவ்வாய், காலை 8.45

கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி. காசநோய் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. அதைக் கண்டுபிடித்தவுடன் சுகாதாரப் பகுதிக்குத் தகவல் போய்விடும். வீட்டாரையும் நெருங்கிப் பழகுபவர்களையும் கூப்பிட்டுப் பரிசோதிப்பது அவர்கள் கடமை. உங்களுக்கு ஆபத்து இருந்தால் "நீங்கள் வந்து பரிசோதிக்க வேண்டும்" என்று உங்களுக்குச் சொல்வார்கள். யாரால் என்று சொல்லமாட்டார்கள், அது தெரியாமலே உங்களைப் பரிசோதிக்கலாம், தேவையென்றால் மருந்தும் தரலாம். உங்கள் குழந்தையைக் காப்பாற்ற அந்தப் பரிசோதனை போதும், பக்கத்து மேசைக்காரரின் பெயர் தேவையில்லை. பிறந்தவுடன் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியும் போட்டிருப்பார்கள், இடது தோளில் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கோ.

கந்தோர் அக்கா | செவ்வாய், பகல் 12.50

நான் அரச அலுவலகம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளர். தங்கச்சி எழுதியதை வாசித்ததில் இருந்து மனம் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் இந்த விஷயம் வெளியே போவதில் முக்கால்வாசி பாசத்தால்தான். ஒருவர் இரண்டு நாள் வரவில்லை என்றால் "என்னவாம்?" என்று கேட்போம். ஆஸ்பத்திரி என்றால் "எந்த வார்ட்?" என்று கேட்போம். பின்னேரம் நெஸ்டமோல்ட்டும் தோடம்பழமும் வாங்கிக்கொண்டு ஐந்து பேர் போய்க் கட்டிலைச் சுற்றி நிற்போம். தலைமாட்டில் தொங்கும் அட்டையை ஒருவராவது எடுத்து வாசிப்பார். வருத்தம் பார்க்கப் போகாவிட்டால் குறை சொல்வார்கள் என்பதும் உண்மை. அதனால் யாரும் இதைத் தவறென்று நினைப்பதே இல்லை.

நலன்புரிச் சங்கத்துக் காசு சேர்ப்பதையும் பாருங்கள். "இன்னாருக்கு இன்ன ஒப்பரேசன், ஆளுக்கு 500 ரூபா" என்று குழுவில் போடுவார்கள். "ஒரு ஊழியரின் மருத்துவச் செலவுக்கு" என்று போட்டாலும் அதே காசு சேரும். எங்கள் அலுவலகத்தில் நான் சொல்லிச் சொல்லி இப்போது அப்படித்தான் போடுகிறார்கள், சேர்கிற காசு குறையவில்லை.

அரச ஊழியருக்கான அக்ரஹார மருத்துவக் காப்புறுதி இன்னொரு வழி. காசு எடுக்க விண்ணப்பத்தோடு நோய் நிர்ணய அட்டையின் பிரதியும் வைக்க வேண்டும். அது திறந்த கோப்பில் மேசை மேசையாகப் போய்த்தான் தலைவரின் கையொப்பத்துக்குச் சேரும். போட்டோகொப்பி மெசினில் மூலப் பிரதியை மறந்து விடுபவர்களும் உண்டு. நான் என்னிடம் வருகிறதை உறையில் போட்டு ஒட்டி, மேலே "தனிப்பட்டது" என்று எழுதித்தான் அனுப்புகிறேன். இதற்குச் சுற்றுநிருபம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கிளினிக் கொப்பியையும் சொல்ல வேண்டும். புற்றுநோய்ப் பிரிவு உள்ள தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு ஒழுங்காகக் கிளினிக் போகிறார் என்றாலே ஆட்கள் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அங்கே பிரசவமும் பார்க்கிறார்கள், பல்லும் பார்க்கிறார்கள். ஆனாலும் கொப்பி மேசையில் கிடந்தால் கதை தொடங்கிவிடும். பிரவுண் பேப்பரால் உறை போட்டு வைத்திருப்பது நல்லது.

ஆளணிப் பிரிவு | செவ்வாய், மாலை 6.30

தனியார் நிறுவனம் ஒன்றில் பல வருடமாக ஆளணி வேலை பார்க்கிறேன். கோண்டாவில் சகோதரிக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன்: மீதிப் பாதியை நீங்கள் கொடுக்கத் தேவையில்லை. அந்தச் சுமையை முகாமையாளர்தான் எடுக்க வேண்டும், அவரால் எடுக்கவும் முடியும்.

முதல் விஷயம், குழுவில் அழித்ததால் படம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பலருடைய போனில் வைபருக்கு வரும் படங்கள் தானாகவே கலரியில் சேமிக்கப்படும், அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கும் ஏறிவிடும். குழுவில் அழித்தால் அவை அழியாது. ஒவ்வொருவரும் தன் போனில் பார்த்து அழிக்க வேண்டும். அதை முகாமையாளர் கேட்காமல் வேறு யார் கேட்பது?

பலர் "அந்தப் பிள்ளைக்கு வந்தது தொற்றாத வகை, ஒருவரும் பயப்பட வேண்டாம்" என்று அறிவித்தல் போடுவார்கள். நல்ல மனதோடு போடுவதுதான், ஆனால் அது இரண்டாம் தரமும் அவருடைய நோயை ஊருக்குச் சொல்வது. முதல் தரம் கை தவறியது என்றால் இரண்டாம் தரம் நிறுவனமே உறுதிப்படுத்துகிறது. நான் என்றால் இப்படி எழுதுவேன்:

"அண்மையில் ஊழியர் ஒருவரின் தனிப்பட்ட ஆவணம் என் தவறால் இந்தக் குழுவில் பகிரப்பட்டது. அது உங்களுக்கு அனுப்பப்பட வேண்டியது அல்ல. உங்கள் கைபேசியில் அதன் பிரதி இருந்தால் அழித்துவிடுங்கள். வேறு யாருக்காவது அனுப்பியிருந்தால் எனக்கு மட்டும் தனியாகத் தெரிவியுங்கள். அதில் இருந்தவற்றை அந்த ஊழியரிடமோ உங்களுக்குள்ளோ கதைக்க வேண்டாம். இந்தக் கிளையில் உள்ளவர்கள் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டிய தேவை இருந்தால் சுகாதாரப் பகுதியினர் நேரடியாகவே அறிவிப்பார்கள். அப்படி எந்த அறிவித்தலும் வரவில்லை."

கடைசி இரண்டு வசனமும்தான் முக்கியம். பயத்துக்குப் பதில் அதில் இருக்கிறது, நோயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அனுப்புவதற்கு முன் உங்களிடம் காட்டி, நீங்கள் சரி என்ற பிறகே அனுப்ப வேண்டும். வேண்டாம் என்று நினைத்தால் அனுப்பக் கூடாது.

கோப்பை விஷயம் வேறு. அதைக் குழுவில் எழுதாமல் முகாமையாளர் குசினிக்கு நேரே போய், தனியாக இருப்பதை எடுத்து மற்றவற்றோடு வைக்க வேண்டும். யாராவது கேட்டால் "இங்கே எல்லோருடைய கோப்பையும் ஒன்றாகத்தான்" என்று சொன்னால் போதும்.

கோண்டாவில்காரி | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் மிக்க நன்றி. அந்தக் கடைசி இரண்டு வசனமும் எனக்குத் தோன்றவே இல்லை. நாளைக்கு அவரோடு கதைக்கிறேன். சட்டத்தில் இதற்கு ஏதும் இருக்கிறதா? வழக்குப் போட அல்ல, தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதும்போது குறிப்பிடலாமா என்று அறியத்தான்.

பரமேஸ்வராச் சந்தி | செவ்வாய், இரவு 11.10

சட்டம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதில் உடல்நலம் பற்றிய தரவு விசேட வகைக்குள் வருகிறது. பெயர், முகவரியைவிட அதற்குக் கூடிய பாதுகாப்பு. இன்ன நோக்கத்துக்கு என்று பெற்றதை அந்த நோக்கத்துக்கு மட்டும், தேவையான அளவுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. இந்தச் சட்டம் நிறைவேறிய அன்றே முழுதாக நடைமுறைக்கு வந்தது அல்ல, கட்டங்கட்டமாகக் கொண்டுவரப்படுவது. ஆகவே "இன்ன பிரிவை மீறிவிட்டீர்கள்" என்று எழுத முதல் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். "இந்தச் சட்டத்தின் கொள்கைகளுக்கு ஏற்ப நிறுவனத்தின் நடைமுறையை மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதத் தடையே இல்லை.

அரச அலுவலகங்களில் இருப்பவர்களுக்கு ஒன்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் யாராவது உங்கள் லீவு விபரத்தைக் கேட்டால் மருத்துவப் பதிவுகளைச் சேர்த்துக் கொடுக்க முடியாது. பிரிவு 5(1)(உ) என்று தமிழில் வருவது அதுதான், ஆங்கிலப் பிரதியில் ஐந்தாவது பந்தி. உங்களுடைய எழுத்து மூலச் சம்மதம் இருந்தால் கொடுக்கலாம். அரச அலுவலகம் ஒன்று உங்கள் நோயைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்தால் யாழ்ப்பாணத்தில் உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்குப் போகலாம். அடிப்படை உரிமை வழக்கென்றால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

தனியார் நிறுவனத்துக்கு அந்த வழி பொருந்தாது. அங்கே தொழில் திணைக்களம், வேலையால் நிறுத்தினால் தொழில் நியாய சபை. உங்கள் விஷயம் அந்த அளவுக்குப் போகாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நடந்ததைத் திகதியோடு ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்து, பிரதியில் "கிடைத்தது" என்று கையொப்பம் வாங்கி வைத்திருங்கள். நாளைக்கு இடமாற்றமோ பதவி உயர்வு மறுப்போ வந்தால் கையில் ஒரு தாள் இருக்கும்.

வார்ட் இலக்கம் வேண்டாம் | புதன், காலை 6.05

நான் தாதி. சான்றிதழ் எழுதும் நேரத்திலேயே இதைத் தடுக்கலாம். லீவுக்கு வேலைத்தலத்துக்குத் தேவையானது, இவர் இத்தனை நாள் வேலை செய்யத் தகுதியான நிலையில் இல்லை என்பது. "சேர், இது கந்தோருக்குக் கொடுக்க, நோயின் பெயர் இல்லாமல் எழுத முடியுமா?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். பலர் "மருத்துவச் சிகிச்சையில் உள்ளார்" என்று எழுதித் தருவார்கள். படிவத்தில் நோய்க்கென்று தனிக் கூடு இருந்தால் மூடிய உறையில் கொடுங்கள். கேட்பது உங்கள் உரிமை, வைத்தியர் கோபிப்பார் என்று பயப்பட வேண்டாம். வெளியே இருபது பேர் நிற்கும் அவசரத்தில் அவருக்கு இது தோன்றாமல் போகலாம், நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

மானிப்பாய் ரோட் | புதன், காலை 7.40

பிஎச்ஐ ஐயா சொன்னது எனக்கு விளங்குகிறது. அப்படியென்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இருந்து ஒருவரைக் கூப்பிட்டு அந்தக் கிளையில் காசநோய் பற்றி ஒரு கருத்தரங்கு வைத்தால் என்ன? கோப்பையைத் தள்ளி வைத்தவர்களுக்கும் விளங்கும்.

பழைய பிஎச்ஐ | புதன், காலை 9.10

நல்ல யோசனை, ஆனால் இப்போது வேண்டாம். படம் வந்த சூட்டோடு காசநோய்க் கூட்டம் வைத்தால் அங்கிருக்கிற அத்தனை கண்ணும் ஒருவரைத்தான் பார்க்கும். சில மாதம் போகட்டும். பிறகும் காசநோயைத் தனியே எடுக்காமல் சீனி வருத்தம், பிரசர், டெங்கு எல்லாவற்றோடும் சேர்த்து வைக்கலாம். மார்ச் 24 உலக காசநோய் தினம், அந்த நேரம் எல்லா இடமும் நிகழ்ச்சி நடக்கும், யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது.

சங்கானை மெக்கானிக் | புதன், பகல் 1.15

எங்கள் வேலைத்தலத்தில் வெட்டும் மெசின்கள் இருக்கின்றன. ஒரு தம்பிக்கு வலிப்பு. அவர் முதலாளியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். மெசினுக்குப் பக்கத்தில் நிற்கும் எனக்கும் தெரிந்திருப்பது நல்லதுதானே? எனக்குத் தெரிய வந்ததே தற்செயலாக.

ஆளணிப் பிரிவு | புதன், பகல் 2.00

அண்ணா, இங்கே பாதுகாப்பு உண்மையாகவே இருக்கிறது. முதலாளி அந்தத் தம்பியிடமே கேட்க வேண்டும்: "உனக்கு வந்தால் உதவி செய்ய யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறாய்?" அவர் சொல்லும் ஒருவர் அல்லது இருவருக்கு மட்டும் சொல்லலாம். வலிப்பு வந்தால் சரித்துப் படுக்க வைப்பது, வாய்க்குள் ஒன்றும் வைக்காமல் இருப்பது, கையில் இரும்பு கொடுக்காமல் இருப்பது, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அம்புலன்ஸுக்கு 1990 இலக்கத்தில் எடுப்பது ஆகியவற்றை எல்லோருக்கும் முதலுதவியாகப் பழக்கலாம். அதற்கு ஒருவர் பெயரும் தேவையில்லை. ஆபத்தான மெசினில் இருந்து வேறு வேலைக்கு மாற்றுவதென்றால் வைத்தியரின் ஆலோசனையோடு, சம்பளம் குறையாமல். நீங்கள் தற்செயலாக அறிந்ததை அந்தத் தம்பிக்கு நேராகச் சொல்லிவிடுங்கள், மற்றவர்களிடம் கதைக்காதீர்கள்.

கோண்டாவில்காரி | வெள்ளி, இரவு 8.20

நடந்ததைச் சொல்கிறேன். முகாமையாளரிடம் ஆளணிப் பிரிவு அண்ணா எழுதித் தந்ததைக் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். "தங்கச்சி, நான் தொற்றாது என்று எல்லோருக்கும் சொல்லலாம் என்றுதான் இருந்தேன்" என்றார். அதைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருவரும் கதைத்தோம். "என் தவறால்" என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று நான்தான் கேட்டேன், அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று. அவர் மாட்டேன் என்றுவிட்டார். அப்படியே குழுவில் போட்டார். பிறகு இரண்டு பேர் தனியாகப் போய், வீட்டுக்காரருக்குக் காட்டியதாகச் சொல்லி, அழித்துவிட்டோம் என்றார்களாம். யார் என்று எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கோப்பை இப்போது தட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு அக்கா இன்னும் என்னோடு கதைக்கும்போது ஒரு அடி தள்ளித்தான் நிற்கிறார். அது எனக்கு வலிக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். பக்கத்து மேசையில் இருக்கிற தோழிக்கு மட்டும் முழுவதையும் நானே சொன்னேன். யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று நான் முடிவெடுத்துச் சொன்னதால் அது பாரமாக இருக்கவில்லை.

தலைமை அலுவலகத்துக்கும் கடிதம் போயிருக்கிறது. இனி மருத்துவச் சான்றிதழைப் போனில் படம் எடுத்து அனுப்பக் கூடாது, உறையில் போட்டு வாராந்தத் தபாலோடு அனுப்ப வேண்டும், லீவுப் பதிவில் நாட்கள் மட்டும் வர வேண்டும் என்று மூன்றும் கேட்டிருக்கிறேன். முதலாவதுக்குச் சரி என்று பதில் வந்துவிட்டது. மற்ற இரண்டும் "பரிசீலனையில்".

பரமேஸ்வராச் சந்தி | வெள்ளி, இரவு 9.05

அந்தச் "சரி" மின்னஞ்சலில் வந்ததா, போனிலா? போன் என்றால், "இன்று நீங்கள் கூறியபடி" என்று தொடங்கி நீங்களே ஒரு மின்னஞ்சல் போட்டு வையுங்கள். மற்ற இரண்டுக்கும் பதில் கேட்டு ஒரு திகதியும் குறிப்பிடுங்கள்.

கந்தோர் அக்கா | வெள்ளி, இரவு 9.30

ஆளணிப் பிரிவு தம்பி, அந்த அறிவித்தலை எங்கள் அலுவலகத்துக்கும் எடுக்கலாமா? நலன்புரிச் சங்கக் கூட்டம் வருகிறது, முன்கூட்டியே கொடுத்து வைக்க நினைக்கிறேன்.

ஆளணிப் பிரிவு | வெள்ளி, இரவு 9.48

தாராளமாக எடுங்கள் அக்கா. கடைசி இரண்டு வசனத்தையும் மட்டும் அப்படியே போடாமல், ஒவ்வொரு தரமும் சுகாதாரப் பகுதியிடம் உறுதிப்படுத்திய பிறகு போடுங்கள். "சம்பந்தப்பட்டவரிடம் காட்டாமல் அனுப்பக் கூடாது" என்பதையும் மேலே பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.